தொண்ணூறு நாள் கூப்பிடாத பெயர்

இந்த அறையின் மின்விசிறியை மூன்றில் வைத்தால் கடகடவென்று சத்தம் போடும், மேகலா மேடம். இரண்டில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று கம்மிதான், ஆனால் எழுதுகிறவனுக்கு நிம்மதி. விசாரணைக்கென்று வேலூரிலிருந்து ஒரு வக்கீலை முதலாளி வரவழைத்திருக்கிறார் என்றால் விஷயத்தைப் பெரிதாகத்தான் எடுத்திருக்கிறார். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், மறைக்க எதுவும் இல்லை.

என் பெயர் இன்பராஜ். இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் 'கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்' என்று மட்டும் இருந்தது. தவறில்லை. ஆனால் பதிவுக்காக என் பெயரை ஒருமுறை நீங்கள் வாய்விட்டுப் படித்தால் நன்றாக இருக்கும். அவசரமில்லை.

பில்ட் டூல் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வளாகத்தில் தோல் பதனிடுவதிலிருந்து ஷூ தைப்பது வரை எல்லாமே ஒரு புரோகிராமில் ஓடுகிறது. வாசலில் விரல் வைக்கும் மிஷின், அதைக் கேட்டுத் திறக்கும் கேட், கேன்டீன் டோக்கன், சங்கு, வேலைச் சீட்டு, எல்லாம் அதுதான். அந்தப் புரோகிராமை நானும் என் உதவியாளர் கௌசரும் துண்டு துண்டாக எழுதுகிறோம். ஷூவின் மேல்தோலையும் உள்தோலையும் அடிப்பாகத்தையும் தனித்தனியாக வெட்டிக் கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள் இல்லையா, அப்படி எங்கள் துண்டுகளைச் சேர்த்து ஓட வைக்கிற கருவிதான் பில்ட் டூல். அது சேர்க்காத துண்டு மறுநாள் கம்பெனியில் கிடையாது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஆட்கள் பட்டியல், மிஷின் பட்டியல், கேன்டீன் மெனு எல்லாவற்றையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார். அப்படி வைக்கக் கூடாது. அவரை நீங்கள் தனியாக விசாரித்துக்கொள்ளலாம்.

பழைய பில்ட் டூல் ஆமை வேகம். ஒரு தடவை ஓடி முடிய நாற்பத்து மூன்று நிமிடம் ஆகும். போன வருடம் அதை உருவாக்கியவர்களே கைகழுவிவிட்டார்கள். புதிய பதிப்புக்கு மாற்றப் பதினேழு நாள் உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று நிமிடம் ஆறு நிமிடம் ஆனது. முதலாளி ஜியாவுல்லா சாஹிப் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கொடுத்து அனுப்பினார். டப்பாவின் மேல் 'கம்ப்யூட்டர் சாருக்கு' என்று எழுதியிருந்தது. இனிப்பு நன்றாகவே இருந்தது.

புதிய பதிப்பில் ஒரு வசதி உண்டு. பயன்படாததை நீக்குவது. ஒரு துண்டை வேறெந்தத் துண்டும் கூப்பிடவில்லை என்றால் அதைச் சேர்க்காமல் விட்டுவிடும். முதல் நாளே இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் போயின. ஒன்றும் உடையவில்லை. யாரும் எதையும் தேடவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வீட்டுப் பரணைச் சுத்தம் செய்து கீழே இறங்கியவர்களுக்கு ஓரளவு தெரியும்.

அதற்குப் பிறகு டூலை நம் தேவைக்கு ஏற்ப மாற்றத் தொடங்கினேன். கோப்புகளோடு நிறுத்துவானேன் என்று பட்டியல்களையும் அதன் கண்ணில் காட்டினேன். கணக்கு ரொம்ப எளிது. வேலைச் சீட்டு, கம்பெனி மெசேஜ் குரூப், மைக்கில் படிக்கும் அறிவிப்பு, இந்த மூன்றிலும் தொண்ணூறு நாளாக ஒருமுறைகூடப் பெயர் வராத பொருள் பயன்படாத பொருள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகக் கம்பெனி பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் பில்ட் ஓடும்படி வைத்தேன். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

மூன்றாம் எண் தோல் பிளக்கும் மிஷின் போனது. புதன்கிழமை சேமியா உப்புமா போனது. அதற்காக என்னைக் கும்பிட்டவர்கள்கூட உண்டு. புகார்ப் பெட்டி போனது, யாரும் புகார் எழுதியிருக்கவில்லை. கேட்டைக் கையால் திறக்கும் வசதி போனது. தீயணைப்பு மணி போனது. நாலு வருடமாக அதை ஒருவரும் கூப்பிடவில்லை. நீங்கள் இதைக் குறித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். அதற்குப் பிறகு இங்கே தீ விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

டூலில் விதிவிலக்குப் பட்டியல் என்று ஒரு கோப்பும் இருக்கிறது. அதில் ஒரு பெயரை எழுதிவிட்டால் டூல் அந்தப் பெயரைத் தொடாது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவரும் வந்து நிற்பார், பிறகு சட்டம் எதற்கு, டூல் எதற்கு. கௌசரிடமும் இதைப் பல முறை சொல்லியிருக்கிறேன்.

ஆட்கள் பட்டியலுக்கு வருகிறேன். முதல் முறை ஓட்டியபோது இறந்துபோனவர்கள், வேலையை விட்டுப்போனவர்கள் என்று முப்பத்தொரு பெயர் போனது. ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். டூல் காட்டியதில் மிச்சம் மூன்று பெயர்தான். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள், தினமும் வேலைக்கும் வந்தார்கள், ஆனால் தொண்ணூறு நாளில் ஒருவர்கூட அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. ஒருவர் கழிவுநீர் பம்ப் பார்க்கும் பெருமாள். இரண்டாமவர் அப்துல் வஹாப். மூன்றாவது ஆள் முக்கியமில்லை.

ஒரே நாளில் எல்லோரையும் எடுத்தால் பேஜாராகிவிடும் என்று வாரத்துக்கு ஒரு ஆள் என்று வைத்தேன். பெருமாள் முதலில். அவர் பம்ப் ஒருநாளும் கெட்டதில்லை, அதனால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கேட் திறக்காமல் அவர் வெளியே நின்ற மூன்றாம் நாள் கழிவுத்தொட்டி வழிந்து பார்க்கிங் வரை வந்தது. உடனே குரூப்பில் பெருமாள் எங்கே, பெருமாள் எங்கே என்று அறுபத்தொரு முறை. பாதி கெட்ட வார்த்தையோடுதான், ஆனாலும் பெயர் பெயர்தானே. அடுத்த வெள்ளி டூல் தானாகவே அவரைச் சேர்த்துக்கொண்டது.

"இன்னா சார், மிஷினு என்னை மறந்துட்ச்சா?" என்று கேட்டார்.

"ஞாபகம் வந்துடுச்சு பெருமாள்," என்றேன்.

தேவைப்படுகிறவன் எப்படியும் திரும்பி வந்துவிடுவான். இதைவிட நியாயமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே வெள்ளி அப்துல் வஹாப் போனார். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். முப்பத்து நாலு வருடமாகத் தோல் தரம் பிரிப்பவர். வலது கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இந்த ஆடு முள்வேலியில் உரசியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்த முப்பத்து நாலு வருடத்தில் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. மகன் கல்யாணத்தன்றுகூடக் காலையில் வந்து விரல் வைத்துவிட்டுத்தான் நிக்காஹுக்குப் போனாராம். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு லீவும் இல்லாமல் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவர் பெயரை எப்படி யாரும் சொல்லாமல் இருந்தார்கள் என்று கேட்பீர்கள். இந்தக் கம்பெனியில் நானூறு பாய் இருக்கிறார்கள். தவ்ஃபீக் பாய், தானிஷ் பாய் என்று பெயரோடு சேர்த்துச் சொல்வோம். வெறும் பாய் என்றால் அது அவர் ஒருவர்தான். அவர் பெயரை வாயால் சொல்வது மரியாதை இல்லை என்று வழக்கமாகிவிட்டது. வேலைச் சீட்டில் 'பாய் ஓகே' என்றுதான் எழுதுவார்கள். மைக்கில் 'பாய் உடனே வரவும்' என்றுதான் படிப்பார்கள். தொண்ணூறு நாளில் அப்துல் வஹாப் என்ற பெயர் பூஜ்யம்.

சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு விரல் வைத்தார். மிஷின் 'பதிவு இல்லை' என்றது. மறுபடி வைத்தார். செக்யூரிட்டி கையால் திறக்கப் பார்த்தார், அந்த வசதிதான் முன்பே போய்விட்டதே. ஆள் சேர்ப்புப் பிரிவுக்குப் போன் செய்தார்கள். பட்டியலில் இல்லாதவருக்காக நாங்கள் கடிதம் எழுத முடியாது என்று அவர்கள் சொன்னார்கள், அவர்கள் சொன்னதும் சரிதான். தோல் வரும் லாரியில் ஏற்றி உள்ளே கொண்டுபோகிறோம் என்று பசங்கள் கூப்பிட்டார்கள். பாய் மறுத்துவிட்டார்.

"முப்பத்தி நாலு வருஷம் முன்வாசல்ல வந்தவன்பா. இப்ப தோலோட தோலா வர்றதா?"

எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். திங்கட்கிழமை முதல் தோல் கட்டுகளை மொபெட்டில் வைத்து டீக்கடைக்கே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து தரம் பிரித்துச் சாக்பீஸால் குறி போட்டு அனுப்புவார். சீட்டில் 'பாய் ஓகே, டீக்கடை' என்று எழுதி வந்தது. வேலை ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் கணக்குப்படி அவர் லீவு.

குரூப் கொதித்தது. பாயை உள்ளே விடுங்கள், பாய்க்கே இந்தக் கதியா, பாய் இல்லாத கம்பெனி ஒரு கம்பெனியா. அறுநூற்று நாற்பது பேர் மாறி மாறி எழுதினார்கள். ஒருவராவது பெயரைச் சொல்ல வேண்டுமே. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. 'நம்ம பாய்' 'பெரிய பாய்' ஆனார். ஒரே ஒருமுறை அப்துல் வஹாப் என்று யாராவது எழுதியிருந்தால் அடுத்த வெள்ளி கேட் திறந்திருக்கும். நான் சொல்லிக்கொடுக்க முடியாது. அது பரீட்சையில் காப்பி அடிக்க விடுவது மாதிரி.

அப்போது முதலாளி இத்தாலியில் தோல் கண்காட்சியில் இருந்தார். அங்கிருந்து போன் செய்தார்.

"பாயை இன்னாத்துக்குய்யா வெளியில நிக்க வெச்சிருக்க?"

"எந்த பாய்னு சொல்லுங்க சாஹிப். பட்டியல்ல நானூறு பேர் இருக்காங்க."

"பாய்னா பாய்தான்யா," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்திருந்தால் நானே எழுதிச் சேர்த்திருப்பேன். அநேகமாக.

புதன்கிழமை கௌசர் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். டூலின் உள்ளே போய்ப் படித்திருக்கிறாள். குரூப்பில் 'அப்துல் வஹாப் பாய் வேலைக்கு வேண்டும்' என்று ஒரு வரி போட்டாள். போட்டுவிட்டு, பெரியவர் பெயரைச் சொன்னதற்கு எல்லோரும் மன்னிக்கணும் என்று இன்னொரு வரியும் போட்டாள். எண்ணிக்கை ஒன்று ஆனது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஆமாம், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த வரியை நான்தான் அழித்தேன். காரணம் இருக்கிறது. வேலைக்காக ஒருவரைக் கூப்பிடுவது வேறு, காப்பாற்றுவதற்காகக் கூப்பிடுவது வேறு. பெருமாளைத் திட்டினார்களே, அதில் ஒரு உண்மை இருந்தது. கௌசர் எழுதியது கருணை. கருணையை எண்ண ஆரம்பித்தால் எந்தப் பட்டியலும் குறையாது.

"சார், நான் போட்ட மெசேஜு காணோம்," என்றாள்.

"சிஸ்டம் எடுத்துக்கலைபோல."

போனில் குரூப்பை ஒருமுறை மேலே தள்ளித் தேடிப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். பாய் எழுந்து நின்றார். என்னைவிட இருபது வயது பெரியவர், எனக்காக எழுந்து நின்றார். கட்டைவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மிஷின் மேல தப்பு இல்ல சார். என் விரல்தான். தோலைத் தடவித் தடவி ரேகை மொத்தமா தேஞ்சிப்போச்சி, பாருங்க."

பார்த்தேன். உண்மையிலேயே ரேகை மங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த விரலைத்தான் மிஷின் அதுவரை தினமும் ஏற்றுக்கொண்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பார்.

"இருக்கலாம் பாய்," என்றேன்.

"சுண்ணாம்புல ஊற வெக்கலாம்னு இருக்கேன். தொட்டியில போட்டா தோல் உப்பி, உள்ள இருக்கிற கோடெல்லாம் மேல எழும்பும். ஆயிரம் ஆட்டுத்தோலுக்கு பார்த்தாச்சி. என் தோலுக்கு ஆவாதா?"

எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டேன். தொழில் விஷயத்தில் எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு.

"ஆட்டுக்கு மூணு நாளு. எனக்கு ஜாஸ்தி ஆவும், வயசாய்ட்ச்சி இல்ல," என்று சிரித்தார். எனக்கும் டீ சொன்னார். குடித்தேன். வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வருத்தமாகவே இருந்தது.

சனிக்கிழமை வந்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் வந்தார். ஒவ்வொரு நாளும் எட்டு இருபதுக்குச் சுண்ணாம்பு பூத்த விரலைத் துணியால் துடைத்துவிட்டு மிஷினில் வைப்பார். மொத்தம் பதினொரு நாள் அந்த வாசலில் நின்றிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். விரல் வெந்து சீழ் பிடித்திருந்தது. முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். தரம் பிரிக்கும் விரல்தான். அன்று குரூப்பில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அறுநூற்று நாற்பது பேர் எழுதாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

அவர் மேல் எனக்கு ஏதாவது பகை உண்டா என்று நேற்று கேட்டீர்கள். துளியும் கிடையாது. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், அந்தப் பதினொரு நாளில் குரூப்பில் 'பாய்' என்ற சொல் ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு முறை வந்திருக்கிறது. உட்கார்ந்து எண்ணினேன். எண்ணியதோடு எண்ணியதாக, என்னைப் பற்றி எத்தனை முறை என்றும் பார்த்தேன். 'கம்ப்யூட்டர் சார்' ஒன்பது முறை. அதில் ஏழு, பிரின்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்பதற்காக. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? ஒருவருடைய பெயரைத் தெரிந்தும் மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார்கள், இன்னொருவருடைய பெயர் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. டூலுக்கு இரண்டும் பூஜ்யம்தான். மனிதர்களைப் போல அது ஆள் பார்த்து நடப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் எனக்கு அதைப் பிடித்திருந்தது.

ஆகவே என் வாக்குமூலம் இது. டூலை மாற்றியது நான். பாயின் பெயர் போகும் என்று தெரிந்தே ஓட்டியது நான். கௌசரின் வரியை அழித்தது நான். விரலில் தப்பு இல்லை என்று தெரிந்தும் டீ குடித்துவிட்டு வந்தது நான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதற்காகச் செய்தேன், சொந்தக் காரணம் எதுவும் இல்லை. இதன் கீழே கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக, கௌசர் பிரின்ட் எடுத்து உங்களிடம் கொடுத்த அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிரில் அதை விரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆமாம், அதுதான் விதிவிலக்குப் பட்டியல். அதில் ஒரு பெயர் இருக்கிறது, சரிதான். மூன்றாவது ஆள் என்று மேலே எழுதினேனே, அந்தப் பெயர். நூற்று நாற்பத்தாறு நாளாக யாரும் சொல்லாதது. வரிசைப்படி டூல் முதலில் எடுக்க வேண்டியிருந்ததும் அதைத்தான். கோப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, கைக்குக் கிடைத்த ஒரு பெயரைப் போட்டேன். வேலை செய்கிறது. வெறும் சோதனைதான், மேடம், முடிந்ததும் எடுத்துவிடுவேன். இன்னும் முடியவில்லை.

நீங்கள் இதுவரை என் பெயரைப் படிக்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பில்ட் ஓடும் நாள். மணி பன்னிரண்டே கால்.